கையேட்டிலிருந்து 'கௌரவ' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்: நம் திரைப்படச் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கும் செயற்குழு நண்பர்களுக்கும்,

வணக்கம். அடுத்த மாதம் நடக்கவிருக்கும் ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் படவிழாவுக்கான கையேட்டின் அச்சுப்படியைப் போன வாரம் உறுப்பினர்கள் எல்லாருக்கும் அனுப்பியிருந்தீர்கள். பிழை கண்டால் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். கண்டேன், தொலைபேசியில் சொன்னேன். "ஐயா, விமானம் ஓட்டிய கதையை எல்லாம் யார் உற்றுப் படிக்கப் போகிறார்கள், படம் பார்க்கத்தானே வருகிறார்கள்" என்று பதில் வந்தது. அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன். கோபமில்லை. கொஞ்சம் இருக்கிறது.

மூன்றாம் பக்கத்தின் அடியில் இருக்கும் இரண்டு வாக்கியங்கள்தான் விவகாரம். "இரண்டாம் உலகப் போரில் பங்கேற்ற இவருக்கு அமெரிக்க அரசு கௌரவ பிரிகேடியர் பதவி அளித்துச் சிறப்பித்தது. பொறாமை கொண்ட ஒரு பெண் அரசியல்வாதி அதை இரண்டு ஆண்டுகள் தடுத்து வைத்திருந்தார்." இரண்டே வாக்கியம், மூன்று தவறு.

சின்னத் தவறை முதலில் முடித்துவிடலாம். நம் ராணுவத்தில் பிரிகேடியர், ஜெனரல் வரிசையில் சேரமாட்டார். அமெரிக்க விமானப்படையின் பிரிகேடியர் ஜெனரல் ஒற்றை நட்சத்திரம் தாங்கிய ஜெனரல்; நம் விமானப்படையின் ஏர் கமடோருக்கு நிகரானவர். 'ஜெனரல்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும்.

'கௌரவ' அப்படிப்பட்டதல்ல. அந்தச் சொல் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. நடிகர், விளையாட்டு வீரர் என்றால் ராணுவப் பதவி அன்பளிப்பாகத்தான் வரும் என்பது நமக்குப் பழகிவிட்டது. மோகன்லாலுக்கு 2009இல் டெரிட்டோரியல் ஆர்மியில் லெப்டினன்ட் கர்னல், சச்சினுக்கு 2010இல் விமானப்படையில் குரூப் கேப்டன், தோனிக்கு 2011இல் மறுபடியும் லெப்டினன்ட் கர்னல். எல்லாம் கௌரவப் பதவிகள். தோனியாவது ஆக்ராவில் பாராசூட் கட்டிக்கொண்டு குதித்தார். அந்த மரபில் எனக்குக் குறை இல்லை. இளைஞர்கள் படையில் சேரட்டும் என்று செய்கிறார்கள். ஆனால் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்டூவர்ட்டைப் பார்க்கக் கூடாது.

என் பெரியப்பா ரயில்வேயில் ஃபிட்டராக இருந்தார். டெரிட்டோரியல் ஆர்மியிலும் இருந்தார். ஆண்டுக்கு ஒரு மாதம் முகாம். போவதற்கு முந்திய இரவு தகர டிரங்குப் பெட்டியைத் திறந்து, பெல்ட்டின் பித்தளைக் கொக்கியைப் பழந்துணியால் தேய்த்துக்கொண்டே இருப்பார். பெரியம்மாவுக்கு அந்தப் பாலிஷ் வாடை ஆகாது. ஒருமுறை முகாமிலிருந்து திரும்பிய அன்றே எதிர்வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து, "பட்டாளம் என்றால் உங்களுக்குச் சும்மா பேருக்குத்தானே அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டார். பெரியப்பா வாயே திறக்கவில்லை. ஒரு பூட்ஸைக் கழற்றி, காலுறையை இறக்கி, குதிகாலைத் திருப்பிக் காட்டினார். தோல் உரிந்து சிவந்து கிடந்தது. பகுதிநேரச் சிப்பாயையும் பெயரளவுச் சிப்பாயையும் நீங்கள் ஒன்றாக்கியதைப் படித்தபோது எனக்கு அந்தக் குதிகால்தான் ஞாபகம் வந்தது.

ஸ்டூவர்ட்டைப் படை தேடி வந்து விமானி ஆக்கவில்லை. பென்சில்வேனியாவில் இண்டியானா என்ற சிற்றூரில் ஹார்டுவேர்க் கடை வைத்திருந்தவரின் மகன் அவர். பிரின்ஸ்டனில் கட்டடக்கலை படித்தார், நடிக்கப் போனார், கையில் காசு புரளத் தொடங்கியதும் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். 1935இல் தனியார் விமானி உரிமம், 1938இல் வணிக விமானி உரிமம். ஹாலிவுட்டிலிருந்து பெற்றோரைப் பார்க்க ரயில் தண்டவாளத்தையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டு பறந்து போவாராம்.

1940இல் கட்டாய ராணுவ சேவைக்கு அழைப்பு வந்தது. ஆறேகால் அடி உயரத்துக்கு எடை போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்னொருவராக இருந்தால் தப்பித்தோம் என்று கும்பிடு போட்டிருப்பார். இவர் சாப்பிட்டு எடையை ஏற்றிக்கொண்டு மறுபடி போய் நின்றார். 1941 மார்ச் 22 அன்று சிப்பாயாகச் சேர்ந்தார். சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் கைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அந்தச் சிலை இண்டியானாவில் அப்பாவின் கடை ஜன்னலுக்குப் போய்விட்டது. மகன் மாதம் 21 டாலர் சம்பளத்துக்குப் போனார். அமெரிக்கா அப்போது போரிலேயே இல்லை; பேர்ல் துறைமுகம் தாக்கப்பட இன்னும் எட்டு மாதம் இருந்தது. கையேட்டில் 'போரில் பங்கேற்ற' என்று ஒற்றைச் சொல்லில் கடந்து போயிருக்கிறீர்கள். போர் வருவதற்கு முன்பே போய் நின்றவர் அவர்.

1942 ஜனவரியில் செகண்ட் லெப்டினன்ட் ஆனார். அதற்கப்புறம்தான் அவருக்கு உண்மையான தலைவலி. புகழ்பெற்ற முகத்தை யுத்தத்துக்கு அனுப்பிக் கொல்லக் கொடுக்க எந்த மேலதிகாரிக்கும் மனம் வரவில்லை. ஆள்சேர்ப்புக்கான குறும்படத்தில் நடிக்க வைத்தார்கள், வானொலியில் பேச வைத்தார்கள். ஐடஹோவில் பி-17 குண்டுவீச்சு விமானத்துக்குப் பயிற்சியாளராக உட்கார வைத்தார்கள். முப்பத்தைந்தை நெருங்கும் வயதில், தன்னிடம் கற்ற பையன்கள் கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கேட்டுக் கேட்டு, ஒருவழியாக 445ஆவது குண்டுவீச்சுக் குழுவுக்கு மாறுதல் வாங்கினார். அதில் 703ஆவது ஸ்குவாட்ரனின் தலைவர் ஆனார். 1943 நவம்பரில் இங்கிலாந்தின் டிபன்ஹாம் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அவர்கள் ஓட்டிய பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான்கு எஞ்சின், பத்துப் பேர். உள்ளே காற்றழுத்தம் சீராக்கும் ஏற்பாடு கிடையாது. இருபதாயிரம் அடிக்கு மேலே ஆக்சிஜன் முகமூடியோடு, உறைநிலைக்குக் கீழே போன குளிரில், வெறும் விரலால் உலோகத்தைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும் நிலையில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். டிசம்பர் 13 அன்று கீல் துறைமுகத்தின் மேல் அவருடைய முதல் தாக்குதல்.

1944 ஜனவரி 7, லுட்விக்ஸ்ஹாஃபன். குண்டு போட்டுவிட்டுத் திரும்பும்போது முன்னே போன வேறொரு குழு திசை மாறிப் போகத் தொடங்கியது. ரேடியோவில் எச்சரித்தார்; அவர்கள் கேட்கவில்லை. தன் ஆட்களைச் சரியான வழியில் கூட்டிக்கொண்டு போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் அணிவகுப்பு பிரிந்தால் ஜெர்மன் சண்டை விமானங்களுக்குக் கொண்டாட்டம். தவறான வழி என்று தெரிந்தே அவர்கள் பின்னால் போனார். தாக்குதல் வந்தது, முன்னே போனவர்கள் விமானங்களை இழந்தார்கள். இவர் பின்னால் நின்றிராவிட்டால் இழப்பு இன்னும் பெரிதாகியிருக்கும் என்பது அந்தக் குழுவின் தளபதியே சொன்னது. ஒரு ஜெனரலுக்கு வேண்டிய குணம் எது என்று என்னைக் கேட்டால், இந்த ஒரு நாளைக் காட்டுவேன்.

பிப்ரவரி 24 அன்று கோத்தா நகரத்துக்குப் போன அவருடைய குழுவின் 25 விமானங்களில் 13 திரும்பவில்லை. அன்று அவர் பறக்கவில்லை. தளத்தில் இருந்தார். விமானத்துக்குப் பத்துப் பேர். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் நியூரம்பர்க் பக்கத்தில் இருக்கும் ஃபுர்ட்டுக்கு அவரே தலைமை தாங்கிப் போனார். விமான எதிர்ப்புக் குண்டு ஒன்று விமானி அறைக்கு அடியில் வெடித்தது. காலருகே தரையில் ஓட்டை. ஓட்டை வழியே ஜெர்மனி தெரிந்தது. அப்படியே இங்கிலாந்து வரை ஓட்டி வந்து இறக்கினார். தரை தொட்டதும் விமானத்தின் உடல் விரிசல் விட்டு மடங்கியது.

அதன் பிறகு 453ஆவது குழுவில் தாக்குதல்களைத் திட்டமிடும் அதிகாரி, அடுத்து பல குழுக்களைச் சேர்த்த விங் ஒன்றின் தலைமையகத்தில் பொறுப்பு. (அந்த 453இல் இருந்த ஒரு சார்ஜென்ட்தான் பிற்காலத்தில் நடிகரான வால்டர் மத்தாவ். விழா நாளில் கேள்வி பதில் நடந்தால் யாராவது இதைக் கேட்பார்கள், தயாராக இருங்கள்.) கணக்கில் ஏறிய தாக்குதல் பறப்புகள் இருபது. விமானிகளுக்கான டிஸ்டிங்குவிஷ்ட் ஃபிளையிங் கிராஸ் பதக்கம் இரண்டு முறை, பிரான்சின் போர்ப் பதக்கமான குருவா த கேர். 1945 மார்ச் 29 அன்று கர்னல். சிப்பாயிலிருந்து கர்னலாக நான்கே ஆண்டு.

போர் முடிந்த கையோடு அவருக்கு வந்த இன்னொரு வேலையை யாருமே எழுதுவதில்லை. 1945 மார்ச் 4 அன்று அமெரிக்க விமானங்கள் சில, ஜெர்மனியின் ஃபிரைபுர்க் என்று நினைத்துச் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரத்தின் மேல் குண்டு போட்டுவிட்டன. நடுநிலை நாடு, ஐந்து பேர் இறந்தார்கள். ஒரு விமானியையும் வழிகாட்டி அதிகாரியையும் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அதற்குத் தலைமை தாங்கியவர் கர்னல் ஸ்டூவர்ட். மேகம் மூடிய வானத்தில், பழுதான கருவிகளோடு, கீழே இருப்பது எந்த ஊர் என்று தெரியாமல் பறப்பது எப்படி இருக்கும் என்று அறிந்த ஒருவர் முன் அந்த இரண்டு பேரும் நின்றார்கள். விடுதலை ஆனார்கள். நீதிமன்றக் காட்சிகளில் அவர் நடித்ததைப் பற்றி நான்காம் பக்கத்தில் ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்களே, அதன் பக்கத்தில் இதையும் வைக்கலாம்.

இனி ரிசர்வ். ஊருக்குத் திரும்பி நடிக்கப் போனவர் படையை விட்டு விலகவில்லை. ரிசர்வ் அதிகாரியாகத் தொடர்ந்தார். ரிசர்வ் என்றால், அமைதிக் காலத்தில் தன் தொழில், ஆண்டுக்குச் சில வாரம் சீருடை. ஒவ்வொருவருக்கும் புள்ளிக் கணக்கு உண்டு. பட்டியலில் இருப்பதற்கே ஆண்டுக்கு 15 புள்ளி. அந்த ஆண்டு ஓய்வூதியக் கணக்கில் சேர வேண்டுமானால் 50 வேண்டும். மிச்சத்தைப் பயிற்சியிலும் பணிநாளிலும் ஈட்ட வேண்டும். இதைவிட முக்கியமானது, ஒவ்வோர் அதிகாரிக்கும் போர்க்காலப் பணியிடம் என்று ஒன்றை ஒதுக்கி வைத்திருப்பார்கள். நாளை காலை போர் வெடித்தால் நீ எந்த நாற்காலியில் போய் உட்கார வேண்டும் என்பது இன்றே எழுதப்பட்டிருக்கும். கையேட்டை எழுதியவருக்கு இது தெரிந்திருந்தால் அந்த இரண்டாவது வாக்கியத்தை எழுதியிருக்கமாட்டார்.

1957 பிப்ரவரியில் அதிபர் ஐசனோவர், ஸ்டூவர்ட்டைப் பிரிகேடியர் ஜெனரலாக உயர்த்தப் பரிந்துரைத்தார். அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் ஒப்புக்கொள்ள வேண்டும். எதிர்த்தவர் மெய்ன் மாநில செனட்டர் மார்கரெட் சேஸ் ஸ்மித். அவர் ஐசனோவரின் குடியரசுக் கட்சியையே சேர்ந்தவர் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அவரே விமானப்படை ரிசர்வில் லெப்டினன்ட் கர்னலாக இருந்தவர் என்பதை அடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். 1950இல் தன் கட்சிக்காரரான செனட்டர் மெக்கார்த்தி நடத்திய கம்யூனிஸ்ட் வேட்டையை, வாய் திறக்கவே பெரிய மனிதர்கள் நடுங்கிய நேரத்தில், செனட்டில் எழுந்து நின்று கண்டித்தவரும் இவரே. 'ஒரு பெண் அரசியல்வாதி' என்று பெயர்கூடச் சொல்லாமல் நீங்கள் தள்ளியவர்.

அவர் கேட்ட கேள்வி எளிமையானது. போரில் இவர் செய்தது பெரிது, சரி. போருக்குப் பிந்திய பன்னிரண்டு ஆண்டில் எத்தனை நாள் பயிற்சி எடுத்தார்? மிகக் குறைவு. அதைவிட அதிகமாக ஆண்டுதோறும் பயிற்சி முடித்த கர்னல்கள் காத்திருக்கும்போது இவர் எப்படி முந்தினார்? இவருக்கு ஒதுக்கியிருந்த போர்க்காலப் பணியிடமோ ஸ்ட்ராட்டஜிக் ஏர் கமாண்டின் தாக்குதல் நடவடிக்கைப் பிரிவில் துணை இயக்குநர். அணுகுண்டு சுமக்கும் விமானங்களை நடத்தும் படை அது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே, விமானங்களில் மூன்றில் ஒரு பங்கைப் பதினைந்து நிமிடத்தில் கிளம்பத் தயாராக நிறுத்தும் ஏற்பாட்டை அது தொடங்கியது. பதினைந்து நிமிடம்! படப்பிடிப்புத் தளத்தில் ஒப்பனையைக் கலைக்கவே அந்த நேரம் போதாது. அப்படிப்பட்ட நாற்காலிக்கு, ஆண்டில் சில நாள் வந்து போகிறவரை உட்கார வைக்கலாமா?

ஸ்மித்தின் உதவியாளரும் ஒரு ரிசர்வ் அதிகாரி. அவருக்குப் பதவி உயர்வு கிடைக்காத ஆத்திரத்தில்தான் அம்மையார் பழிவாங்கினார் என்று அன்றே பேசினார்கள். கையேட்டில் உள்ள 'பொறாமை' அந்தப் பேச்சின் பேத்தியாக இருக்கலாம். மனத்துக்குள் என்ன இருந்தது என்று நான் சாட்சி சொல்ல முடியாது. கேள்வி சரியா என்று மட்டும் பார்க்கிறேன். சரி. ஸ்டூவர்ட்டின் எல்லாப் படங்களையும் குறைந்தது இரண்டு முறை பார்த்தவன் சொல்கிறேன், சரி. ஆகஸ்டில் செனட்டின் ஆயுதப்படைகள் குழு அந்தப் பரிந்துரையை நிராகரித்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இரண்டு ஆண்டுக்கு முன்னால்தான், ஸ்ட்ராட்டஜிக் ஏர் கமாண்ட் என்ற அதே படைப்பிரிவின் பெயரையே தலைப்பாக வைத்து வெளிவந்த படத்தில் ஸ்டூவர்ட் கதாநாயகன். ரிசர்வ் விமானியான பேஸ்பால் ஆட்டக்காரரைப் படை மறுபடி அழைத்துக்கொள்ளும் கதை. திரையில் அவர் ஆண்டுக்கணக்கில் பயிற்சி எடுத்ததை நாடே பார்த்தது. செனட் குழு, சீருடையில் எடுத்த பயிற்சியைக் கணக்குக் கேட்டது.

பிறகு அவருடைய போர்க்காலப் பொறுப்பைத் தகவல் பிரிவுக்கு மாற்றினார்கள். மக்களிடம் பேசும் வேலை. அதற்கு அவரைவிடப் பொருத்தமானவர் எவர்? ஸ்மித் எதிர்ப்பைக் கைவிட்டார். 1959 ஜூலை 23 அன்று ஸ்டூவர்ட் பிரிகேடியர் ஜெனரல் ஆனார். கௌரவப் பதவி என்றால் இந்தப் பாடு எதற்கு? சால்வையைப் போர்த்தி, புகைப்படம் எடுத்து, ஒரு மாலையில் முடித்திருப்பார்களே. எந்த வேலைக்கு இந்த ஜெனரல் என்று ஒரு சபை உட்கார்ந்து கேட்டு, பொருந்தும் நாற்காலியைக் கண்டுபிடித்த பிறகு கொடுத்த நட்சத்திரம் அது. ஸ்மித் அம்மையார் மறுத்ததால்தான் அந்த நட்சத்திரத்துக்கு எடை கூடியது என்பது என் கட்சி. நீங்கள் ஏற்காவிட்டால் போகட்டும், வில்லி வேடத்தையாவது அவரிடமிருந்து கழற்றிவிடுங்கள்.

ஜெனரல் ஆன பிறகும் சும்மா இருக்கவில்லை. 1966 பிப்ரவரி 20 அன்று, 57 வயதில், வியட்நாம் மேல் குண்டு போடப் போன ஒரு பி-52 விமானத்தில் பார்வையாளராகப் பறந்தார். குவாம் தீவிலிருந்து கிளம்பிய நீண்ட பறப்பு. விளம்பரம் கூடாது என்று கேட்டுக்கொண்டு போனார். போர்க்காலத்துச் சாதனையைப் படவிளம்பரத்தில் எழுதக் கூடாது என்று ஸ்டூடியோக்களுக்கு நிபந்தனை வைத்தவர் வேறு எப்படிப் போவார்? அந்த வியட்நாம் போரை நான் ஆதரித்தவனல்ல. நம் சங்கத்தில் பலரும் அப்படித்தான். அதற்காக அந்தப் பறப்பை மறைக்கவும் வேண்டாம், மெழுகவும் வேண்டாம். 1968 மே 31 அன்று, அறுபது வயது நிறைந்ததும் விதிப்படி ஓய்வு. அடுத்த ஆண்டு ஜூனில் அவருடைய மனைவி குளோரியாவின் மகன், தன் மகனாகவே வளர்த்த பையன், மரைன் படை லெப்டினன்ட், அதே வியட்நாமில் இறந்தான். வயது 24.

போருக்காக ஸ்டூவர்ட் இங்கிலாந்துக்குக் கிளம்பும்போது ஹார்டுவேர்க் கடை அப்பா ஒரு கடிதத்தோடு விவிலியத்தின் 91ஆம் சங்கீதத்தையும் சட்டைப் பையில் கொடுத்து அனுப்பினாராம். 1997இல் இறந்தவரின் கல்லறைக் கல்லில், உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி தூதர்களுக்குக் கட்டளையிடுவார் என்னும் அந்தச் சங்கீதத்து வரியைத்தான் பொறித்திருக்கிறார்கள். இது கையேட்டுக்கு வேண்டாம், உங்களுக்காகச் சொன்னேன்.

கையேட்டுக்கு வேண்டியது இவ்வளவே. "போர் தொடங்கும் முன்பே சிப்பாயாகச் சேர்ந்து, இருபது குண்டுவீச்சுத் தாக்குதல்களில் பறந்து கர்னலாகி, ரிசர்வ் விமானப்படையில் தொடர்ந்து 1959இல் பிரிகேடியர் ஜெனரல் ஆனவர். 1957இல் பயிற்சி போதாது என்று செனட்டர் மார்கரெட் சேஸ் ஸ்மித் எதிர்த்ததால் செனட் குழு அவரை ஒருமுறை நிராகரித்தது." இரண்டு வாக்கியத்தை எடுத்துவிட்டு இரண்டு வாக்கியம். பக்கம் கூடாது. அச்சகத்தில் மறுபடி தட்டச்சுச் செய்ய ஆகும் கூலியை நான் தருகிறேன்.

இன்னொன்று. அட்டையில் 'போர்க்களத்தில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்' என்று போட்டிருக்கும் படம் போர்க்களத்தில் எடுத்ததல்ல. மேலே சொன்ன அந்த 1955ஆம் ஆண்டுப் படத்தின் விளம்பரப் புகைப்படம்; தலைமுடியை நரைக்க விட்டவர் முப்பத்தாறு வயதுக்காரராக எப்படி இருக்க முடியும்? பிரெஞ்சுத் தளபதி ஒருவர் அவருடைய மார்பில் குருவா த கேர் பதக்கத்தைக் குத்தும் படம் ஒன்று இருக்கிறது. மனிதர் கண் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும். அமெரிக்க விமானப்படை எடுத்த படம், உரிமத்தொகை கிடையாது. பொருளாளர் கவலைப்பட வேண்டாம்.

இப்படிக்கு,
பின்வரிசை நாற்காலிக்காரன்